வாசகர் கேள்வி – பதில்: எந்தக் காகிதம் வாங்கலாம்?

எங்கள் அலுவலகத்துக்கு மாதம் பத்து ரீம் ஏ4 வாங்குகிறோம். எல்லா உறையிலும் மரம், இலை, பச்சை நிறம். எதை நம்புவது?
– அலுவலகக் கண்காணிப்பாளர், ஈரோடு

இலைப் படத்தை மறந்துவிடுங்கள். அதை அச்சிட யாரும் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. ரீமின் பக்கவாட்டிலும் அடியிலும் இருக்கும் பொடி எழுத்தில் மூன்று விஷயம் தேடுங்கள்: கூழ் எதிலிருந்து வந்தது, எப்படி வெளுத்தார்கள், இதையெல்லாம் வெளியாள் யாராவது சரிபார்த்தாரா.

கூழ் விஷயத்தில் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. டி.என்.பி.எல். என்று எல்லோரும் சொல்லும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தை மாநில அரசு 1979-ல் தொடங்கியதே கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் எடுக்கத்தான். ஆலை கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் இருக்கிறது. சக்கை ஆண்டுதோறும் விளைகிற பயிரின் மிச்சம். அதற்காக மரம் வெட்ட வேண்டாம். ஆனால் சக்கைக் காகிதம் என்றதும் கணக்கு தீர்ந்துவிடாது. சர்க்கரை ஆலைகள் சக்கையைச் சும்மா கொட்டி வைப்பதில்லை, கொதிகலனில் எரிக்கின்றன. அதைக் காகிதத்துக்கு எடுத்தால் பதிலுக்கு வேறு எரிபொருள் கொடுத்தாக வேண்டும். அது பெரும்பாலும் நிலக்கரி. அதோடு, சக்கையின் நார் குட்டையானது. தாளுக்கு வலு வேண்டுமென்று சவுக்கு, தைல மரக் கூழையும் கலக்கிறார்கள். ஆகவே சக்கைக் காகிதம் நல்ல தேர்வுதான், ஆனால் மரமே இல்லாத காகிதம் என்று நினைத்து வாங்காதீர்கள்.

வெளுப்பதற்கு வருவோம். முன்பு குளோரின் வாயுவால் வெளுத்தார்கள். அதில் டையாக்சின் வகை நச்சுகள் உருவாகிக் கழிவுநீரோடு ஆற்றில் கலந்தன. இப்போது பெரிய ஆலைகள் அதை விட்டுக் குளோரின் டையாக்சைடுக்கு மாறிவிட்டன. உறையில் ‘இ.சி.எஃப்.’ என்றிருந்தால் இந்த முறை. ‘டி.சி.எஃப்.’ என்றால் குளோரின் சேர்மமே தொடாமல் ஆக்சிஜன், ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவற்றால் வெளுத்தது. அது நம் கடைகளில் அபூர்வம், தேடி அலைய வேண்டாம். இ.சி.எஃப். போதும். இரண்டுமே இல்லாமல் ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்று மட்டும் போட்டிருந்தால் அடுத்த ரீமை எடுத்துப் பாருங்கள்.

மூன்றாவது, சான்று. அதிகம் தென்படுவது, காடுகளைப் பொறுப்பாகப் பராமரிப்பதற்குச் சான்று தரும் சர்வதேச அமைப்பான எஃப்.எஸ்.சி.யின் முத்திரை. அதில் மூன்று வகை. ‘100%’ என்றால் நார் முழுக்கச் சான்று பெற்ற காடு அல்லது தோட்டத்திலிருந்து வந்தது. ‘ரீசைக்கிள்ட்’ என்றால் முழுக்கப் பழைய காகிதம். ‘மிக்ஸ்’ என்பதைப் பாதி மறுசுழற்சி என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். அப்படியில்லை, சான்று பெற்ற மரம், பழைய காகிதம், கண்காணிப்புக்கு உட்பட்ட வேறு மரம் ஆகியவை கலந்திருக்கலாம். முத்திரையின் கீழே ‘சி’ எழுத்தும் ஆறு இலக்கமும் கொண்ட உரிம எண் இருக்க வேண்டும். அதை எஃப்.எஸ்.சி. இணையதளத்தின் தேடல் பகுதியில் போட்டால் நிறுவனத்தின் பெயர் வரும். எண் இல்லாத முத்திரை வெறும் படம்.

இந்த முத்திரை மரத்துக்கானது. சக்கைப் பங்கைப் பற்றி அது எதுவும் சொல்லாது. சக்கைக் காகிதத்தில் முத்திரை இல்லை என்பதற்காக மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள். மண்பானைச் சின்னம் போட்ட ‘ஈகோமார்க்’ என்ற சுற்றுச்சூழல் முத்திரை நம் மத்திய அரசு 1991-ல் கொண்டுவந்தது, 2024-ல் விதிகளைப் புதுப்பித்தார்கள். கடையில் கண்ணில் பட்டால் தாராளமாக வாங்குங்கள். படுவதுதான் குறைவு.

70, 75, 80 ஜி.எஸ்.எம். – எது நல்லது? மறுசுழற்சிக் காகிதம் பிரிண்டரில் சிக்குகிறதே?
– ஜெராக்ஸ் கடைக்காரர், தஞ்சாவூர்

ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். பதினாறு ஏ4 சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். அந்தக் கணக்கில் 500 தாள் கொண்ட ரீம் 70-ல் சுமார் 2.19 கிலோ, 75-ல் 2.34, 80-ல் 2.5. மளிகைக் கடைத் தராசில் வைத்தாலே தெரிந்துவிடும். உறையில் 75 என்று போட்டு எடை 2.2 காட்டினால் உள்ளே இருப்பது 70, இல்லையென்றால் தாள் எண்ணிக்கை குறைவு.

80-லிருந்து 70-க்கு இறங்கினால் எட்டில் ஒரு பங்கு நார் மிச்சம். இரண்டு பக்கமும் அச்சடித்தால் பாதியே மிச்சம். அதனால் இரண்டு பக்கமும் அடிக்க ஒத்துழைக்கிற தாளைத்தான் வாங்க வேண்டும். 70-ல் பின்பக்க எழுத்து தெரிந்து வாடிக்கையாளர் ‘ஒரு பக்கமே போடுங்க’ என்றால் மெல்லிய தாள் வாங்கியதில் லாபமில்லை. எங்கள் பரிந்துரை 75.

சிக்கலுக்குப் பெரும்பாலும் காரணம் மறுசுழற்சி அல்ல, ஈரம். உறை பிரித்துத் திறந்தபடி கிடக்கும் தாள் மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். லேசர் பிரிண்டரின் சூட்டில் அந்த ஈரம் சட்டென்று வெளியேறும்போது தாள் சுருள்கிறது. இரண்டாம் பக்கத்துக்குத் திரும்ப நுழையும்போது மாட்டிக்கொள்கிறது. மீதித் தாளை உறையிலேயே சுற்றி டேப் ஒட்டி, நிற்க வைக்காமல் படுக்க வையுங்கள். உறையில் அம்புக்குறி இருந்தால் அது காட்டும் பக்கம்தான் முதலில் அச்சாக வேண்டும். தட்டில் வைக்கும் முன் கட்டை நான்கு ஓரமும் விசிறிவிடுங்கள். ஒன்று மட்டும் உண்மை: மறுசுழற்சித் தாளில் குட்டை நார் அதிகம், தூசு கூடுதலாக உதிரும். தாளை இழுக்கும் ரப்பர் உருளையை ஈரத்துணியால் அடிக்கடி துடைத்து, காய்ந்தபின் ஓட்டுங்கள்.

பள்ளி நோட்டு வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டும் என்கிறார்கள் பெற்றோர். அவசியமா?
– ஆசிரியை, நாமக்கல்

அவசியமே இல்லை. அந்த நீலம் பாய்ந்த வெண்மை கூழின் நிறமல்ல, ஒளிர்வுச் சாயம். கடைகளில் கள்ளநோட்டு பார்க்க வைத்திருக்கும் புறஊதா விளக்கின் கீழ் நோட்டுப் புத்தகத்தைப் பிடியுங்கள். பளீரென்று நீலமாக மின்னும். பக்கத்தில் ரூபாய் நோட்டை வைத்தால் அதன் தாள் மங்கலாகவே இருக்கும், அதில் இந்தச் சாயம் சேர்ப்பதில்லை. சாயம் குழந்தைக்கு ஆபத்து என்று பயமுறுத்த வரவில்லை. காசு கொடுத்து வாங்கும் அந்த வெண்மை வெயில் பட்டால் மங்கிவிடும், எழுதுவதற்கும் எந்த உதவியும் செய்வதில்லை.

கட்டுரை நோட்டுக்கு இளமஞ்சள் சாயல் கொண்ட தாள் போதும். ரஃப் நோட்டுக்குச் செய்தித்தாள் ரகமே சரி. மரத்தை இயந்திரத்தில் அரைத்து எடுக்கும் கூழில் மரத்தின் 90 சதவீதத்துக்கு மேல் தாளாகிறது. ரசாயனத்தில் வேகவைத்து எடுத்தால் பாதிதான் தேறும். அரைத்த கூழில், மரத்தின் நார்களைப் பிணைத்து வைக்கும் லிக்னின் என்ற பொருள் தங்கிவிடுவதால் சில மாதங்களில் பழுப்பேறும். ரஃப் நோட்டு பழுத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? ‘வுட் ஃப்ரீ’ என்று போட்ட நோட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். லிக்னின் நீக்கிய கூழ் என்பதுதான் அச்சகக்காரர்களிடம் அதற்குப் பொருள். மரம் வெட்டவில்லை என்பதல்ல.

மகள் கல்யாணப் பத்திரிகையைக் கைக்காகிதத்தில் அடிக்க ஆசை. அச்சகத்தில் தயங்குகிறார்கள்.
– வாசகி, மதுரை

தயக்கம் நியாயமானது. கைக்காகிதம் பருத்தித் துணிக் கழிவில் செய்வது, மரம் தேவையில்லை. ஆனால் தடிமன் இடத்துக்கு இடம் மாறும், உதிரும் நார் ஆஃப்செட் இயந்திரத்தின் ரப்பர் போர்வையில் ஒட்டி எழுத்தில் வெள்ளைப் புள்ளி விழும். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் அடிக்கச் சொல்லுங்கள். 200 முதல் 250 ஜி.எஸ்.எம். போதும். மடிக்கும் இடத்தில் முதலில் கிரீசிங் (அழுத்திக் கோடு பதிப்பது) போடாவிட்டால் மடிப்பு வெடிக்கும். பசை ஏற்றாத தாளில் மை பரவும் என்பதால் பொடி எழுத்து வேண்டாம். ஒரு மாதிரி அடித்துப் பார்த்தபின் மொத்தமும் அடியுங்கள்.

விதைக் காகிதம் கேட்டால், லேசரில் மட்டும் அடிக்காதீர்கள், அந்தச் சூட்டில் விதை செத்துப்போகும். எந்தக் காகிதமானாலும் ஜிகினாவும் பிளாஸ்டிக் லேமினேஷனும் போட்டால் இத்தனை யோசித்ததும் வீண்.

எடைக்குப் போடும்போது எதையெல்லாம் பிரிக்க வேண்டும்?
– வாசகர், கோயம்புத்தூர்

வெள்ளைத் தாள், நோட்டு, செய்தித்தாள், அட்டைப்பெட்டி தனித்தனியாகக் கட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி விலை. ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்கிக் கஷ்டப்பட வேண்டாம், ஆலையில் சல்லடையும் காந்தமும் பிடித்துவிடும். ஸ்பைரல் கம்பியைக் கழற்றுங்கள். ஸ்டிக்கர் கூடவே கூடாது, அதன் பசை கூழில் உருண்டு இயந்திரத்தில் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் பட்ட பார்சல் தாள், டிஷ்யூ, காகிதக் கப் ஆகியவையும் வேண்டாம். கப்பின் உட்புறம் பிளாஸ்டிக் பூச்சு. தமிழ்நாட்டில் அத்தகைய கப்புக்கு 2019 ஜனவரி 1 முதல் தடையே இருக்கிறது.

கடை பில்லை நகத்தால் கீறிப் பாருங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் அது வெப்பத்தாள். பிஸ்பீனால் வகை ரசாயனம் பூசியிருக்கலாம், பழைய பேப்பரோடு போனால் அடுத்த காகிதத்திலும் அது ஏறும். அதைக் குப்பையில் போடுங்கள். ரீம் உறையையும் கிழித்துப் பாருங்கள்: கிழிந்த ஓரத்தில் மெல்லிய படலம் இழுபட்டால் உள்ளே பிளாஸ்டிக். அதுவும் கட்டில் சேரக் கூடாது.