உங்கள் தளத்துக்கு சிடிஎன் வேண்டுமா? கேள்வி பதில்

தளப் பராமரிப்புதான் என் தொழில். சிடிஎன் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். தளத்தின் கோப்புகளைப் பல நகரங்களில் உள்ள சர்வர்களில் நகலெடுத்து வைத்து, பார்ப்பவருக்குப் பக்கத்தில் இருக்கும் சர்வரிலிருந்து கொடுப்பதுதான் சிடிஎன். அகமாய் என்ற சிடிஎன் நிறுவனம் 1998-இல் தொடங்கிய காலத்திலிருந்தே அடிப்படை இதுதான்.

கேள்வி: கோவையில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர்கள் கோவை, திருப்பூர், ஈரோடுக்காரர்கள். சர்வர் மும்பையில் இருக்கிறது. தளம் திறக்க நேரமாகிறது, சிடிஎன் போடச் சொல்கிறார்கள். போடலாமா சார்?

வேகத்துக்காக என்றால் வேண்டாம். கோவையிலிருந்து மும்பை நேர்க்கோட்டில் ஆயிரம் கிலோமீட்டர்தான். ஃபைபரில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். போய்வர 10 மில்லிநொடி. கேபிள் சுற்றிப் போனாலும் சில பத்து மில்லிநொடிக்குள் முடிந்துவிடும். உங்கள் பக்கம் பல நொடி எடுக்கிறது என்றால் அதற்குக் காரணம் தூரம் இல்லை.

குரோமில் எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். முதல் வரியில் சர்வர் பதிலுக்காகக் காத்திருந்த நேரம் பெரிதாக இருந்தால் கோளாறு சர்வரில்: பிஎச்பி நிரல், டேட்டாபேஸ், பிளகின் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணை நிரல்) என்று அங்கே தேட வேண்டும். அது சிறிதாக இருந்து, கீழே படங்களின் பட்டைகள் நீளமாக இருந்தால் கோளாறு படங்களில். நீங்கள் கொடுத்த முகவரியைத் திறந்து பார்த்தேன். கிளட்ச் பிளேட் படம் 4,000 பிக்சல் அகலம். பக்கத்தில் அது காட்டப்படுவது 300 பிக்சல் பெட்டியில். போனில் எடுத்ததை அப்படியே ஏற்றியிருக்கிறீர்கள். எல்லாப் படங்களையும் சுருக்கி, வெப்பி என்ற சிறிய கோப்பு வடிவத்துக்கு மாற்றுங்கள். அதன்பிறகும் மெதுவாக இருந்தால் மறுபடி கேளுங்கள்.

கேள்வி: தமிழ் மாத இதழ் ஒன்றை இணையத்தில் நடத்துகிறோம். சர்வர் சென்னையில். வாசகர்களில் பாதிப் பேர் டொராண்டோ, லண்டன், கோலாலம்பூரில். எங்களுக்கு?

உங்களுக்குக் கட்டாயம் வேண்டும். சென்னையிலிருந்து டொராண்டோ ஏறக்குறைய 13,000 கிலோமீட்டர். ஒளியே போய்வர 130 மில்லிநொடி ஆகும். கடலடி கேபிள் வழியே நடைமுறையில் 200-க்கு மேல்தான். அதுவும் ஒரு தடவை போய்வந்தால் போதாது. டிசிபி இணைப்புக்கு ஒன்று, டிஎல்எஸ் 1.3 பாதுகாப்புக்கு ஒன்று, பக்கத்தைக் கேட்டு வாங்க ஒன்று என மூன்று தடவை. ஆக, முதல் எழுத்து வருவதற்கு முன்பே 600 மில்லிநொடிக்கு மேல் போய்விடும். சர்வருக்கு எவ்வளவு ராம் சேர்த்தாலும் இந்த நேரம் குறையாது.

சிடிஎன் இருந்தால் அந்த மூன்றும் டொராண்டோவுக்குள்ளேயே முடியும். ஆனால் கட்டுரைப் பக்கத்தையும் சேர்த்துச் சேமிக்கச் சொல்ல வேண்டும். பெரும்பாலானவர்கள் படங்களையும் பக்க அலங்காரக் கோப்பான சிஎஸ்எஸ்ஸையும் மட்டும் சேமிக்கச் சொல்லிவிட்டு, பக்கம் சென்னையிலிருந்தே வருவதைக் கவனிப்பதில்லை. இதழ் மாதம் ஒருமுறைதான் மாறுகிறது. சர்வர் பதிலோடு அனுப்பும் கேஷ்-கன்ட்ரோல் தலைப்பில் எஸ்-மேக்ஸ்ஏஜ் (சிடிஎன் நகலை வைத்திருக்கும் காலம்) என்று ஒரு நாள் அளவு கொடுங்கள். புது இதழ் ஏற்றியதும், பிழை திருத்தியதும் பர்ஜ் செய்யுங்கள், அதாவது சிடிஎன்னில் உள்ள பழைய நகலை அழியுங்கள். தமிழ் எழுத்துருவையும் உங்கள் தளத்திலேயே வோஃப்2 வடிவில் வைத்து இதே வழியில் அனுப்புங்கள்.

கேள்வி: வேர்ட்பிரஸ் தளம். கிளவுட்ஃப்ளேர் என்ற சிடிஎன்னில் இலவசக் கணக்கு போட்டேன். ஒரு மாற்றமும் இல்லையே அண்ணா?

எஃப்12-இன் நெட்வொர்க் பகுதியில், பக்கத்துக்கான பதில் தலைப்புகளில் சிஎஃப்-கேஷ்-ஸ்டேட்டஸ் என்ற வரியைப் பாருங்கள். 'டைனமிக்' என்று இருக்கும். கிளவுட்ஃப்ளேர் தானாகச் சேமிப்பது படம், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் போன்ற கோப்புகளை மட்டும்தான்; பக்கம் இன்னும் உங்கள் சர்வரில்தான் தயாராகிறது. முதலில் சர்வரிலேயே ஒரு பக்கச் சேமிப்புப் பிளகின் போடுங்கள்.

கேள்வி: ஆன்லைன் புடவைக் கடை. எல்லாப் பக்கத்தையும் சேமிக்கும்படி விதி போட்டுவிடலாமா?

கூடவே கூடாது. தீபாவளிக் கூட்டத்தில் ஒருவர் கூடையும் முகவரியும் இன்னொருவருக்குத் தெரியும். 2015 கிறிஸ்துமஸ் அன்று ஸ்டீம் விளையாட்டுக் கடையில் இதுதான் நடந்தது. தாக்குதலைச் சமாளிக்க அவசரமாக மாற்றிய சேமிப்பு அமைப்பால், சுமார் 34,000 பேரின் பக்கங்கள் வேறு ஆட்களுக்குத் தெரிந்தன. கூடை, கணக்கு, பணம் கட்டும் பக்கங்களுக்கு கேஷ்-கன்ட்ரோலில் 'பிரைவேட், நோ-ஸ்டோர்' (சேமிக்காதே) என்று கொடுங்கள். உள்நுழைந்தவரின் குக்கி (உலாவியில் இருக்கும் அடையாளக் குறிப்பு) இருந்தால் சேமிப்பைத் தாண்டிப் போகச் சொல்லுங்கள். பிறகு இரண்டு போன்களில் இரண்டு கணக்குகளால் நுழைந்து, நீங்களே சோதித்துப் பாருங்கள்.

கேள்வி: இலவசமாகவே கிடைக்கிறது. கோவைக் கடைக்காரரை வேண்டாம் என்று தடுப்பது தவறான வழிகாட்டல். தாக்குதல் வந்தால் யார் காப்பாற்றுவது?

நல்ல கேள்வி. வேகத்துக்காக வேண்டாம் என்றுதான் சொன்னேன். போலிக் கோரிக்கைகளைக் குவித்துத் தளத்தை முடக்கும் டிடாஸ் தாக்குதலுக்கு அது நல்ல கவசம், மறுக்கவில்லை. ஆனால் கவசம் என்றால் முழுதாகப் போட வேண்டும். தளப் பெயரை ஐபி முகவரியோடு இணைப்பது டிஎன்எஸ்; அதன் பழைய பதிவுகளில் சர்வரின் முகவரி கிடைக்கும். தாக்குபவன் நேரே அங்கே வருவான். சிடிஎன் முகவரிகளைத் தவிர வேறு யாரும் சர்வரைத் தொடாதபடி ஃபயர்வாலில் அடைத்தால்தான் பலன். அப்புறம், கிளவுட்ஃப்ளேரில் 'ஃப்ளெக்ஸிபிள்' எஸ்எஸ்எல் (குறியாக்க அமைப்பு) வைக்காதீர்கள். உலாவி பாதுகாப்பான தளம் என்று காட்டும், சிடிஎன்னுக்கும் சர்வருக்கும் நடுவில் எல்லாம் மறைக்கப்படாமல் போகும்.

அதே நண்பர்: அதெல்லாம் சரி. போடுவதால் நஷ்டம் இல்லையே?

நஷ்டம் வரலாம். கிளவுட்ஃப்ளேர் வழியே வரும் எந்தத் தள முகவரியின் பின்னாலும் /சிடிஎன்-சிஜிஐ/டிரேஸ் என்பதை ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள். 'கோலோ' என்ற வரியில் விமான நிலையக் குறியீடு இருக்கும். எம்ஏஏ என்றால் சென்னை, பிஓஎம் என்றால் மும்பை. சில இணைய இணைப்புகளில் இலவசக் கணக்குத் தளங்கள் சிங்கப்பூர் வழியே போவதும் உண்டு. அப்போது திருப்பூர்க்காரர் கேட்ட பக்கம் சிங்கப்பூர் போய், சேமிப்பில் இல்லாவிட்டால் மும்பைக்கு வந்து, அதே வழியில் திரும்புகிறது.

இன்னொருவர்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். பாதி இணையத்தை ஒரே நிறுவனத்தின் கையில் கொடுப்பதே ஆபத்து. 2025 நவம்பர் 18 அன்று கிளவுட்ஃப்ளேர் முடங்கியது மறந்துவிட்டதா?

மறக்கவில்லை. டேட்டாபேஸ் அனுமதியில் செய்த ஒரு மாற்றத்தால் ஒரு கோப்பு இருமடங்காகிப் பல மணி நேரம் தளங்கள் விழுந்தன. 2021 ஜூன் 8 அன்று ஃபாஸ்ட்லி என்ற இன்னொரு சிடிஎன்னிலும் இப்படித்தான்: ஒரு வாடிக்கையாளர் செய்த சாதாரண அமைப்பு மாற்றம், உள்ளே ஒளிந்திருந்த பிழையைக் கிளப்பிவிட்டது. 49 நிமிடத்தில் 95 சதவீதம் மீண்டது. உங்கள் கவலை நியாயம். ஆனாலும் டொராண்டோ வாசகரைத் தினமும் காக்க வைப்பதைவிட, எப்போதாவது வரும் முடக்கத்தை ஏற்பது அந்த இதழுக்கு நல்லது. கோவைக் கடைக்கு அந்தக் கணக்கு நேர்மாறு. முடங்கிய அன்று கட்டுப்பாட்டுப் பலகைக்குள் போய் சிடிஎன்னை அணைக்கவே பலரால் முடியவில்லை. அதனால் டொமைன் பதிவை வேறு நிறுவனத்தில் வையுங்கள். நேம்சர்வரை (டிஎன்எஸ் பதிவுகளைத் தரும் சர்வரை) மாற்றும் வழியாவது கையில் இருக்கும்.

கேள்வி: என் தளமும் ஸ்லோ. சிடிஎன் போட்டால் ஸ்பீடு கூடுமா?

முதல் பதில். எஃப்12.

கேள்வி: ஜேகுவரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரலை பொது சிடிஎன்னிலிருந்து எடுத்தால், மற்ற தளங்களில் ஏற்கெனவே இறங்கியது உதவுமாமே?

இப்போது உதவாது. 2020-இல் குரோம் 86 முதல் ஒவ்வொரு தளத்துக்கும் உலாவியில் தனிச் சேமிப்பு. 2024-இல் இப்படிப் பொதுவாக நிரல் கொடுத்த பாலிஃபில் தளத்தின் டொமைன் கைமாறி, லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் கெட்ட நிரல் புகுந்தது. கோப்பை உங்கள் தளத்திலேயே வையுங்கள்.

கேள்வி: மாதிரி வினாத்தாள் தளம். தேர்வுக்கு முந்தைய நாள் மட்டும் கூட்டம் தாங்காமல் விழுகிறது.

போடுங்கள். எல்லாருக்கும் ஒரே பிடிஎஃப், உள்நுழைவு இல்லை, கூட்டம் ஒரே நாளில். சிடிஎன் பிறந்ததே இந்த மாதிரி வேலைக்குத்தான்.

கேள்வி: சர்வர் மும்பை, வாடிக்கையாளர் மதுரை, பக்கத்தில் படங்கள் திறக்க நேரமாகிறது...

கோவைக்காரருக்குச் சொன்னதேதான். தயவுசெய்து முதலில் அளந்துவிட்டு எண்ணோடு வாருங்கள், உட்கார்ந்து பார்க்கலாம்.

கேள்வி: சிடிஎன் போட்ட நாளிலிருந்து மெயில் வரவில்லை!

டிஎன்எஸ்ஸில் 'மெயில்' பதிவுக்கும் ஆரஞ்சு மேகத்தை (கிளவுட்ஃப்ளேர் வழியே போகச் சொல்லும் குறியை) போட்டிருப்பீர்கள். அந்த வழியில் வலைப்பக்கம் போகும், மெயில் போகாது. அந்த ஒரு பதிவை மட்டும் சாம்பல் நிறத்துக்கு மாற்றுங்கள்.