கோடிக்கணக்கில் சம்பளம், ஆனால் ஆட்டம் எங்கே? – கேள்வி பதில்

கே: சார், கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் கால்பந்து வீரர் மோசமாக ஆடுகிறார் என்றால் ஆளை அனுப்பிவிட வேண்டியதுதானே? கிளப்புகள் ஏன் தயங்குகின்றன?

மோசமாக ஆடுவது ஒப்பந்தத்தை முறிக்கக் காரணமாகாது. உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதிப்படி ஒப்பந்தக் காலம் முடிய வேண்டும், அல்லது இரு தரப்பும் சம்மதித்துப் பிரிய வேண்டும். தகுந்த காரணமில்லாமல் துரத்தினால் நஷ்டஈடு கிளப்பின் தலையில் விழும். 2000இல் லண்டன் கிளப்பான செல்சீ, வின்ஸ்டன் போகார்டு என்ற ஆட்டக்காரருக்கு நாலு வருட ஒப்பந்தம் கொடுத்தது. வாரச் சம்பளம் 40,000 பவுண்டு என்று அப்போது செய்தி வந்தது. பிறகு அவர் வேண்டாம் என்றாகி, இளையோர் அணியோடு பயிற்சி எடுக்கச் சொன்னார்கள். அவர் அசரவில்லை, 2004 வரை இருந்து முழுச் சம்பளத்தையும் வாங்கினார். அவரைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. கையெழுத்துப் போட்டது கிளப்தானே?

கே: அபராதம் போட முடியாதா?

ஒழுங்கீனத்துக்குப் போடலாம். இங்கிலாந்தில் வழக்கமான உச்சவரம்பு இரண்டு வாரச் சம்பளம். கோல் அடிக்கவில்லை என்பதற்கெல்லாம் போட முடியாது.

கே: அண்ணா, ஆர்சனலில் அலெக்ஸிஸ் சான்செஸ் ஆடியதைப் பார்த்தே கால்பந்து ரசிகனானவன் நான். மான்செஸ்டர் யுனைட்டெட்டில் அவருக்கு என்னதான் ஆச்சு?

2016-17 லீக்கில் ஆர்சனலுக்காக 24 கோல் அடித்தவர், யுனைட்டெட்டில் 45 ஆட்டங்களில் அடித்தது 5. சம்பளம் வந்ததும் சோம்பேறி ஆகிவிட்டார் என்று சொல்வது சுலபம். நான் அதை ஏற்கவில்லை. 2014 உலகக் கோப்பை, 2015லும் 2016லும் கோபா அமெரிக்கா, 2017 கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை என்று நாலு கோடையும் சிலிக்காக ஓடிய கால்கள் அவை. 2018 ஜனவரியில் வந்தபோது வயது 29. விரைவு குறையும் வயதில், விரைவை நம்பி ஆடுபவரை வாங்கினார்கள். அவருக்குப் பிடித்த இடதுபக்கத்தில் ஏற்கெனவே ராஷ்ஃபோர்டும் மார்ஷியாலும் இருந்தார்கள். யுனைட்டெட் தன் ஆட்டக்காரர் மிகிதாரியனை ஆர்சனலுக்குக் கொடுத்து இவரை வாங்கிய நேரடி மாற்று என்பதால் கிளப்புக்குக் கொடுக்கவேண்டிய பணம் மிச்சமானது. அந்தத் தெம்பில்தான் சம்பளத்தை அள்ளிக் கொடுத்தார்கள்.

அப்புறம் இத்தாலியின் இன்டர் மிலானுக்குப் போனார். அங்கே எல்லா ஆட்டத்தையும் அவர் தலையில் கட்டவில்லை, தேவைப்பட்டபோது இறக்கினார்கள். 2021இல் லீக் பட்டம் கிடைத்தது. 2022 ஜனவரியில் யுவென்டஸுக்கு எதிரான இத்தாலிய சூப்பர் கோப்பை இறுதியில் மாற்று ஆட்டக்காரராக வந்தவர், கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில், பெனால்டிக்கு எல்லாரும் தயாராகிக்கொண்டிருந்தபோது, கோல் அடித்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். வேலையை அளவாகக் கொடுத்தால் ஆடக்கூடியவராகத்தான் அப்போதும் இருந்தார்.

கே: முதல் அணியிலிருந்து ஒதுக்கித் தனியாகப் பயிற்சி எடுக்கச் சொல்வது சரியா?

சில நாட்களுக்குச் சரி. மாதக்கணக்கில் நீண்டால் நஷ்டம் கிளப்புக்குத்தான். 2023 செப்டம்பரில் மான்செஸ்டர் யுனைட்டெட் ஆட்டக்காரர் ஜேடன் சான்சோவின் பயிற்சித் தரம் போதவில்லை என்று அப்போதைய கோச் டென் ஹாக் வெளிப்படையாகச் சொன்னார். சான்சோ அதை மறுத்துச் சமூக வலைத்தளத்தில் எழுதினார். மன்னிப்புக் கேட்கவில்லை, முதல் அணியின் பக்கமே வரக்கூடாது என்றாகிவிட்டது. 73 மில்லியன் பவுண்டுக்கு வாங்கிய ஆளை ஆட விடாமல் வைத்தால் விலை விழாமல் என்ன செய்யும்? ஜனவரியில் லோனில், அதாவது தற்காலிக இரவலாக, ஜெர்மனியின் டார்ட்மண்டுக்குப் போனவர், மே மாதம் பாரிஸ் கிளப்பான பி.எஸ்.ஜி.யை எதிர்த்து சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் ஆடிய ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். அந்தக் குறையைப் பத்திரிகையாளர் சந்திப்பில் சொல்லாமல் அறைக்குள் சொல்லியிருக்கலாம் என்பது என் கருத்து.

கே: நீங்கள் கோச்சாக இருந்தால் முதலில் என்ன செய்வீர்கள்?

ஆட்டக்காரர் எவ்வளவு ஓடினார், எவ்வளவு வேகமாக ஓடினார் என்று காட்டும் ஜி.பி.எஸ். கணக்கை எடுத்து, நன்றாக ஆடிய சீசனோடு ஒப்பிடுவேன். வேக ஓட்டங்கள் குறைந்திருந்தால் மருத்துவரிடம் பேச வேண்டும். ஓட்டம் அப்படியே இருந்து பந்து மட்டும் அவரிடம் வரவில்லை என்றால் தப்பு என் ஆட்டமுறையில் இருக்கிறது. இரண்டும் சரி, பயிற்சிக்கே தாமதமாக வருகிறார் என்றால்தான் ஒழுங்குப் பேச்சு. வீட்டு நிலவரத்தையும் கேட்பேன், புது ஊரில் குடும்பம் ஒட்டாமல் இருப்பது சாதாரண விஷயமில்லை.

ஆட்டக்காரர்கள் கிளப் மாறும் அடுத்த டிரான்ஸ்ஃபர் காலத்துக்கு முன்பே முடிவைச் சொல்லிவிடுவேன். போகட்டும் என்றால் சம்பளத்தில் ஒரு பங்கை நாமே கொடுத்து லோனில் அனுப்ப வேண்டியிருக்கும். முழுச் சம்பளத்தையும் ஏற்கும் கிளப்பைத் தேடிக்கொண்டிருந்தால் அந்தக் காலமும் போய்விடும்.