ஓ குரூப் என்றால் ரத்தம் கம்மியாகத்தான் இருக்குமா?

கேள்வி: என் மாமியாருக்கு 72 வயது. மூன்று மாதமாக நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, முகமும் வெளுத்துவிட்டது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.4, எம்.சி.வி. 68. “அம்மா ஓ பாசிட்டிவ். ஓ குரூப்புக்கு ரத்தம் கம்மியாத்தான் இருக்கும். வயசும் ஆச்சில்ல?” என்கிறார் நாத்தனார். மூட்டு வலிக்கு அவ்வப்போது மாத்திரை போடுவார். சத்து டானிக் வாங்கிக் கொடுத்தால் போதுமா?
- வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: போதாது. நாத்தனார் சொன்ன இரண்டு காரணங்களுமே சரியில்லை.

1901-இல் கார்ல் லாண்ட்ஸ்டைனர் பிரித்துக் காட்டிய ஏ, பி, ஓ எல்லாம் சிவப்பணுவின் மேற்பரப்பில் இருக்கும் அடையாளம். ஹீமோகுளோபின் அணுவுக்கு உள்ளே இருப்பது. வீட்டுச் சுவரின் நிறத்தைப் பார்த்துவிட்டு உள்ளே குதிரில் எவ்வளவு நெல் கிடக்கிறது என்று சொல்ல முடியுமா? பெண்களுக்கு 12-க்குக் கீழே, ஆண்களுக்கு 13-க்குக் கீழே போனால் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதில் குரூப்புக்கென்று தனிச் சலுகை கிடையாது. வயதுக்கும் கிடையாது.

ஆனாலும் குரூப்புக்கும் உடம்புக்கும் சம்பந்தமே இல்லை என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ரத்தம் உறைய உதவும் வான் வில்லிபிராண்ட் என்ற புரதம் ஓ குரூப்காரர்களுக்குச் சுமார் கால் பங்கு குறைவு. வயிற்றுப்புண்ணும் அவர்களுக்குக் கொஞ்சம் அதிகம். ஏ குரூப்பில் பி12 சத்தை உடம்பு ஏற்காத ஒரு வகைச் சோகை சற்றுக் கூடுதல். இவையெல்லாம் சின்னச் சாய்வுகள்தான். உங்கள் மாமியாருக்கு ஓ குரூப் என்றால் எனக்குத் தோன்றுவது, ‘அப்படியானால் ரத்தம் எங்காவது கசிகிறதா என்று இன்னும் கவனமாகப் பார்ப்போம்’ என்பதே. பேசாமல் விட்டுவிட அது காரணம் ஆகாது.

எம்.சி.வி. 68 என்பதைக் கவனியுங்கள். அது சிவப்பணுவின் அளவு. 80 முதல் 100 வரை இருக்க வேண்டும். அணு சிறுத்திருந்தால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு. மாதவிலக்கு நின்று இருபது வருஷம் ஆனவருக்கு இரும்பு எங்கே போகும்? முதல் சந்தேகம் வயிறும் குடலும்தான். மெடிக்கலில் சீட்டு இல்லாமல் பேப்பரில் மடித்துத் தருவார்களே, மூட்டு வலிக்கு நாலு மாத்திரை! அதை வெறும் வயிற்றில் போட்டுப் போட்டு இரைப்பையில் புண்ணாகி, சொட்டுச் சொட்டாக ரத்தம் போய்க்கொண்டிருக்கலாம். வலிகூட இருக்காது. மலம் தார் மாதிரி கறுத்துப் பிசுபிசுவென்று போகிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். டானிக்கோ இரும்பு மாத்திரையோ ஆரம்பிப்பதற்கு முன்பே கேட்பது நல்லது. ஆரம்பித்துவிட்டால் அதனாலேயே மலம் கறுக்கும், பிறகு குழப்பம்தான்.

ஆகவே முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். கறுத்த மலம் இருந்தாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ அன்றைக்கே போக வேண்டும். ஃபெரிட்டின் (உடம்பில் இரும்பு எவ்வளவு இருப்பு என்று காட்டுவது), பி12, கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) பார்ப்பார்கள். சிறுநீரகம் தளர்ந்தாலும் சோகை வரும். இந்த வயதில் எண்டோஸ்கோப்பியும் பெருங்குடல் பரிசோதனையும் எழுதினால் தட்டிக்கழிக்காதீர்கள். குடல் புற்றுநோய் வேறெந்த அறிகுறியும் காட்டாமல் சோகையாக மட்டும் தலைகாட்டுவது உண்டு. உள்ளூரில் வசதி இல்லையென்றால் புதுச்சேரி கோரிமேடு ஜிப்மர் மருத்துவமனை பக்கம்தானே. அவர் போடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

டாக்டர் இரும்பு மாத்திரை கொடுத்தால் டீயோடு போட வேண்டாம், டீ அதை உறிஞ்சவிடாது. கால்சியம் மாத்திரையையும் வேறு வேளைக்குத் தள்ளி வையுங்கள். முருங்கைக் கீரை தாராளமாகச் சாப்பிடட்டும், கூடவே ஒரு மூடி எலுமிச்சை பிழிந்துகொண்டால் நல்லது. ஆனால் 8.4-ஐக் கீரை மட்டும் தூக்கிவிடாது. மாத்திரை ஒத்துழைத்தால் மூன்று நான்கு வாரத்தில் சுமார் 2 புள்ளி ஏறும். ஏறவில்லையென்றால் மறுபடி தேட வேண்டும்.

குரூப் முக்கியமாகும் இடம் ஒன்று உண்டு. ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால் ஓ பாசிட்டிவுக்கு ஓ குரூப் ரத்தம்தான் ஏற்ற முடியும். அப்போது நாத்தனாரும் ரத்த வங்கிக்கு ஒரு யூனிட் கொடுத்துவிட்டு வரலாம், அவர் எந்த குரூப்பாக இருந்தாலும் சரி. அவருக்கு ஹீமோகுளோபின் குறைந்தது 12.5 இருக்க வேண்டும். வயது, எடை போன்ற மற்றத் தகுதிகளையும் ரத்த வங்கியில் பார்ப்பார்கள்.