ஹேட்ச்பேக் காரில் கேரவன் கட்டி போடிமெட்டு ஏறலாமா?

கேள்வி: போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறோம். தெரிந்தவர் ஒருவர், காருக்குப் பின்னால் கோத்து இழுக்கும் பழைய கேரவனை விலைக்குத் தருகிறார். எடை 1,200 கிலோவாம். எங்கள் கார் 950 கிலோ ஹேட்ச்பேக். பூப்பாறை வழியாகக் குடும்பத்தோடு மூணாறு போய்வர ஆசை. "தாராளமா இழுக்கும்" என்கிறார். நம்பலாமா?

பதில்: இழுக்கலாம். கிளட்ச் கருகும் வாசனையோடு 17 கொண்டை ஊசி வளைவுகளையும் எப்படியோ ஏறிவிடலாம். மூணாறு பார்த்துவிட்டு இறங்கும்போதுதான் வினை. காரைவிடக் கனமான ஒன்று பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வரும். பிரேக் சூடேறிப் பிடிமானம் குறையும். வளைவில் காரையே திருப்பிப் போட்டுவிடும்.

கேரவன் இழுத்துப் பழகிய பிரிட்டனில் புதியவர்களுக்கு ஒரு கணக்கு சொல்வார்கள். சாமான்களோடு சேர்த்து கேரவனின் எடை, காரின் எடையில் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உங்கள் காருக்கு அது 800 கிலோ சொச்சம். 1,200 கிலோவுக்கு 1,400 கிலோவைத் தாண்டிய கார் வேண்டும். நம் மலைப்பாதைக்கு அதைவிடக் கனமாக இருந்தால்தான் எனக்கு மனம் ஒப்பும். எந்தக் காரானாலும் அதன் கையேட்டில் உள்ள இழுவை வரம்பே கடைசி வார்த்தை. அதில் கூடாது என்றிருந்தால் பேச்சே இல்லை.

சரி, பெரிய கார் வாங்கிவிடுகிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அந்த 1,200 கிலோ யார் போட்ட எடை? மூட்டைக்கு மூட்டை நிறுத்து வாங்குகிறவர் நீங்கள். இதையும் எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள், கட்டில், சிலிண்டர், தண்ணீர் எல்லாவற்றோடும். அப்புறம் முன்மூக்கு, அதாவது கொக்கியில் அழுத்தும் பாரம். மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் இருக்க வேண்டும். 1,200 கிலோவுக்கு 60 முதல் 84 கிலோ. ஆள் எடை பார்க்கும் மெஷின்மேல் கட்டை வைத்து, மூக்கை இறக்கினாலே தெரிந்துவிடும். கொக்கியும் காரும் அதைத் தாங்குமா என்றும் பாருங்கள். கனமான சாமான் அச்சுக்கு மேலே, தரையோடு இருக்கட்டும். பின்கோடியில் அடைத்தால் வண்டி வாலாட்டும். ஆட ஆரம்பித்தால் பிரேக்கை மிதிக்காமல் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். இறக்கத்தில் உச்சியிலிருந்தே சின்ன கியர்.

கேரவனுக்குத் தனி பிரேக் இல்லையென்றால் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். நின்றே கிடந்த வண்டியின் டயரில் பட்டன் தேய்ந்திருக்காது, ரப்பர் செத்திருக்கும். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2315 என்றால் 2015-ன் 23-வது வாரத்தில் தயாரான டயர்.

பின்னால் இழுத்துப் போகும் கேரவனும் சட்டப்படி மோட்டார் வாகனம்தான். அதற்கென்று தனி ஆர்.சி. புத்தகம் கையில் வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.