நேச்சர் டாக்குமென்டரி பாத்துட்டு யாராவது நிஜமாவே மாறியிருக்காங்களா?

டாக்குமென்டரி பாக்கறவங்க காடு மலைன்னு கிளம்பிடுவாங்க, பூமிய காப்பாத்தவும் இறங்கிடுவாங்கன்னு சொல்றாங்களே, உங்க விஷயத்துல அப்படி ஏதாவது நடந்துச்சான்னு கேட்டிருக்கீங்க. நடந்துச்சு, ஆனா எல்லாரும் சொல்ற மாதிரி நடக்கல. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

மொதல்ல என் லட்சணத்த சொல்லிடறேன். 2019ல வந்த 'அவர் பிளானட்' (Our Planet) சீரிஸ்ல, கடல் பனி உருகினதால கரைக்கு ஒதுங்கினதா சொல்ற வால்ரஸ்ங்க (நீளத் தந்தம் வெச்ச பெரிய கடல் பிராணி) பாறை உச்சிலேர்ந்து உருண்டு விழுந்து சாகற சீன் ஒண்ணு வரும், பாத்தவங்களுக்கு மறக்காது. தேம்பித் தேம்பி அழுதேன். அழுது முடிச்சுட்டு என்ன பண்ணேன்? கண்ணத் தொடச்சுட்டு அடுத்த எபிசோட் போட்டேன், அவ்ளோதான். மறுநாள் காலைல எந்திரிச்சு வழக்கம் போல அதே வண்டி, அதே ஏசி, அதே பிளாஸ்டிக் கவர்.

நமக்குத்தான் கல்லு மனசோன்னு கொஞ்ச நாள் குத்திட்டே இருந்துச்சு, அப்புறம் பாத்தா இது ஊர் உலகத்துல எல்லாருக்கும் இருக்கற வியாதிதான் போல. 2017ல வந்த 'ப்ளூ பிளானட் 2' கடல்ல சேர்ற பிளாஸ்டிக்க பத்தி பெரிய பேச்ச கிளப்பிச்சு, ஞாபகம் இருக்கும். அத வெச்சு 2020ல ஒரு ஆய்வு வந்துச்சு, அந்த சீரிஸ பாத்தவங்களையும் பாக்காதவங்களையும் தனித்தனியா வெச்சு, குடிக்கறதுக்கு எந்த பாட்டில எடுக்கறாங்க, பிளாஸ்டிக்கா வேற ஏதாவதான்னு கவனிச்சாங்க. பாத்தவங்களுக்கு விஷயம் கூடுதலா தெரிஞ்சிருந்துச்சு. ஆனா பாட்டில் எடுக்கறதுல ரெண்டு பக்கமும் பெருசா வித்தியாசம் இல்ல. மூளைக்குப் போனது கைக்கு வரல!

அப்போ இதெல்லாம் வேஸ்ட்டான்னா, அதுவும் இல்ல. எனக்குப் பிடிச்ச உதாரணம் படமே இல்ல, ஒரு பாட்டு ரெக்கார்டு. ரோஜர் பெய்ன்னு ஒரு விஞ்ஞானி, ஹம்ப்பேக் திமிங்கிலங்க கடலுக்கடியில போடற சத்தத்த 1970ல எல்பி ரெக்கார்டா வெளியிட்டாரு. அதுவரைக்கும் திமிங்கிலம்னா நெறைய பேருக்கு எண்ணெய், கறி. அது பாடும், அதுவும் ஒரே மெட்ட திரும்பத் திரும்ப வரிசை மாறாம பாடும்னு காதால கேட்டதும் ஜனங்களுக்கு என்னவோ ஆயிடுச்சு. 1979ல நேஷனல் ஜியாக்ரஃபிக் பத்திரிகை அதுல ஒரு பகுதிய மெல்லிசான பிளாஸ்டிக் ரெக்கார்டா போட்டு இதழோடவே 1 கோடிக்கு மேல பிரதி அனுப்புச்சு. (திமிங்கிலத்த காப்பாத்த பிளாஸ்டிக்கு, காலத்தோட கூத்து.) 1982ல சர்வதேச திமிங்கில ஆணையம் வணிக வேட்டைய நிறுத்தி வைக்க ஓட்டுப் போட்டுச்சு, 1986லேர்ந்து அமலுக்கு வந்துச்சு. பாட்டு மட்டுமே பண்ணிடுச்சுன்னு சொல்லல, பல வருஷ போராட்டம் பின்னாடி இருக்கு, ஆனா அந்தப் போராட்டத்துக்கு ஒரு குரல குடுத்தது அந்த ரெக்கார்டு.

இன்னொண்ணு 2013ல வந்த 'பிளாக்ஃபிஷ்'. தொட்டில அடைச்சு வெச்சு வேடிக்கை காட்டின திலிக்கும்ங்கற ஓர்காவோட (கொலையாளித் திமிங்கிலம்னும் சொல்வாங்க) கதை. பாத்தவங்க டிக்கெட் வாங்கறத நிறுத்த ஆரம்பிச்சாங்க, பேர் கெட்டுச்சு, 2016ல அத வெச்சிருந்த சீவேர்ல்டு கம்பெனி இனிமே ஓர்காவ இனப்பெருக்கம் பண்ண மாட்டோம்னு அறிவிச்சுது.

இந்த ரெண்டையும் வால்ரஸ் சீனையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. திமிங்கிலத்துக்கு என்ன வேணும்? கொல்றத நிறுத்தணும். ஓர்காவுக்கு? டிக்கெட் வாங்காதீங்க. நம்ம கோவமோ பாசமோ, போய்ச் சேர ஒரு அட்ரஸ் இருந்துச்சு. வால்ரஸ் சீன்ல கடைசியா நம்ம கைல மிஞ்சறது "பூமி சூடாகுது". சரி, நான் யார்கிட்ட போய் என்ன சொல்றது? அட்ரஸ் இல்லாத லெட்டர் மாதிரி அந்த அழுகை நமக்கே திரும்பி வந்துடுது, நாமளும் அடுத்த எபிசோடுக்குப் போயிடறோம். இதுதான் இத்தன வருஷத்துல எனக்குப் புரிஞ்சது.

சுத்திப் பாக்கக் கிளம்பற விஷயத்துல எனக்கு கொஞ்சம் பயமே உண்டு. ஸ்க்ரீன்ல மிருகத்த பத்தடி தூரத்துல பாத்துப் பழகினவன் நேர்லயும் அதையே எதிர்பாப்பான். கென்யாவோட மசாய் மாரா சரணாலயத்துல சிவிங்கிப்புலிங்கள (சீட்டான்னா சட்டுனு புரியும்) வெச்சுப் பண்ண ஆய்வு 2018ல வந்துச்சு, டூரிஸ்ட் வண்டி அதிகமா சுத்தற பக்கம் இருக்கற தாய்ங்க வளத்து ஆளாக்கின குட்டிங்க, வண்டி கம்மியா இருக்கற பக்கத்த விட ரொம்பவே கம்மி. ஆசையா பாக்கப் போனவங்கதான் எல்லாரும், ஒருத்தர் கைலயும் துப்பாக்கி கிடையாது.

அப்புறம் பாக்கறதெல்லாம் அப்படியே நடந்ததுன்னு நம்பிடாதீங்க. 'பிளானட் எர்த் 2'ல இகுவானாங்கற பெரிய பல்லியோட குட்டி பாம்புக் கூட்டத்துக்கு நடுவுல ஓடித் தப்பிக்குமே, கலாபகோஸ் தீவுல எடுத்தது, அது பல ஓட்டத்த ஒட்டி ஒரே ஓட்டமா காட்டினது. தூரத்துலேர்ந்து பெரிய லென்ஸ்ல எடுக்கறப்போ காலடிச் சத்தமெல்லாம் மைக்குக்கு வராது, பின்னாடி ஸ்டூடியோல சேக்கறதுதான் நெறைய. அது கதை சொல்ற முறை, எனக்கு அதுல பெரிய புகார் இல்ல. ஆனா 1958ல டிஸ்னி எடுத்த 'ஒயிட் வில்டர்னெஸ்'ல லெம்மிங்னு எலி மாதிரி ஒரு பிராணி கூட்டமா தற்கொலை பண்ணிக்கற மாதிரி காட்டினாங்க, நிஜத்துல வேற இடத்துலேர்ந்து புடிச்சுட்டு வந்து இவங்களே தள்ளி விட்டிருக்காங்க. அதுக்கு ஆஸ்கர் வேற! இன்னிக்கும் லெம்மிங் தற்கொலை பண்ணிக்கும்னு நம்பறவங்க இருக்காங்க.

சரி, என் கதைக்கு வரேன். என்ன மாத்தினது யானையோ புலியோ இல்ல, ஒரு எட்டுக்கால் பூச்சி. குதிக்கற வகை சிலந்திய பத்தி ஒரு டாக்குமென்டரில அஞ்சு நிமிஷம் வந்துச்சு, எட்டு கண்ணு, குதிக்கறதுக்கு முன்னாடி நூல ஒட்ட வெச்சுட்டு குதிக்கும், கால்ல ரத்தத்தோட அழுத்தத்த ஏத்தி ஸ்ப்ரிங் மாதிரி எகிறும், இப்படி. ரெண்டு நாள் கழிச்சு பாத்ரூம் சுவத்துல அதே மாதிரி ஒண்ணு. வழக்கமா செருப்ப எடுத்திருப்பேன். அன்னிக்கு குனிஞ்சு பாத்தேன், அது திரும்பி என்னப் பாத்துச்சு. நிஜமா, தலையத் தூக்கி, முன்னாடி இருக்கற ரெண்டு பெரிய கண்ணால. எவ்ளோ நேரம் அப்படியே நின்னேன்னு தெரியல, வெளியிலேர்ந்து கதவத் தட்ட ஆரம்பிச்சுட்டாங்க.

அங்கேர்ந்து பழக்கம் தொத்திக்கிச்சு. கண்ணுல படறத எல்லாம் போட்டோ எடுத்து ஐநேச்சுரலிஸ்ட் ஆப்ல போடுவேன், எங்கயோ இருக்கற யாரோ பேர் சொல்லுவாங்க. அப்படியே நடைப்பயிற்சி பாதை ஓரத்துல இருக்கற குளத்துக்கு வந்து சேந்தேன், தட்டானுக்காக. தட்டான் குஞ்சு தண்ணிக்குள்ள வளருதுன்னே எனக்கு அதுவரைக்கும் தெரியாதுங்க, கீழ்த்தாடைய கை மாதிரி வெளிய வீசி தலப்பிரட்டைய புடிச்சுத் தின்னும், சின்ன ராட்சசன். நாள் வந்ததும் ஏதாவது தண்டப் புடிச்சு மேல ஏறி, முதுகு வெடிச்சு, சட்டைய உரிச்சுப் போட்டுட்டு பறந்துடும்.

ஒரு தடவ குளத்த சுத்தம் பண்றோம்னு ஆளுங்க வந்து கரையோர கோரைய மொத்தமா வழிக்க ஆரம்பிச்சாங்க. நல்ல எண்ணம்தான், ஆனா அந்தத் தண்டு இல்லேன்னா தட்டான் எதப் புடிச்சு ஏறும்? ஃபோன்ல இருந்த படங்கள மேஸ்திரிகிட்ட காட்டி, "அண்ணே, இந்தப் பக்கத்த மட்டும் விட்டுடுங்க"ன்னு கெஞ்சினேன். அவரு ஒவ்வொரு படமா தள்ளித் தள்ளிப் பாத்துட்டு "இது இங்கயா இருக்கு?"ன்னு கேட்டாரு, ஒரு பக்கத்த விட்டுட்டாரு. நான் பூமிக்குப் பண்ண மொத்த சேவை இவ்ளோதான், ஒரு இருபதடி கோரை.

அதனால நீங்க கேட்டதுக்கு, பாருங்க, தாராளமா பாருங்க. ஆனா உங்க கண்ணெதிர்ல இருக்கற ஏதோ ஒண்ணு ஒரு நிமிஷமாவது வர்ற மாதிரி ஒண்ணா தேடிப் பாருங்க, எறும்பு, காக்கா, பாசி, எதுவானாலும் சரி. பனிக்கரடிய அப்புறம் பாத்துக்கலாம்.

தட்டான் சட்டை உரிக்கறத மட்டும் நான் இன்னும் நேர்ல பாக்கல. டாக்குமென்டரில முப்பது செகண்ட்ல காட்டிடறாங்க, நான் போறப்போல்லாம் தண்டுல காலி சட்டைதான் ஒட்டிட்டிருக்கு. பெரும்பாலும் ராத்திரியிலயோ விடியறதுக்கு முன்னாடியோதான் வெளிய வருமாம். நாளைக்கு நாலு மணிக்கு அலாரம் வெச்சிருக்கேன்.