கிளட்ச்ச விட்டாலே வண்டி ஆஃப் ஆகுது, 43 வயசுல டிரைவிங் மண்டையில ஏறாதா?

வாசகி ஒருத்தர் கேட்டிருக்காங்க, சுருக்கி சொல்றேன். வயசு 43. எல்எல்ஆர் போட்டு டிரைவிங் ஸ்கூல் போறாங்க, ஸ்கூல் வண்டிய ஓரளவு ஓட்டிடறாங்க, ஆனா வீட்டு வண்டியில கிளட்ச்ச விடும்போதெல்லாம் ஆஃப் ஆயிடுது. வீட்டுக்காரர் பக்கத்துல உக்காந்து சொல்லிக்கிட்டே வந்தா கையும் ஓடல காலும் ஓடல. வாரநாள்ல நேரம் இல்ல, ஞாயித்துக்கிழமை மட்டும் ஒரே மூச்சா 3 மணி நேரம் பழகினா போதுமா, இல்ல இந்த வயசுக்கு இது வராதான்னு கேக்கறாங்க.

வரும் மேடம். 20 வயசு பையன விட கொஞ்சம் லேட் ஆகலாம், அவ்ளோதான். உங்க பிரச்சனை வயசு இல்ல, பழகற விதம்.

மொதல்ல வீட்டு வண்டி விஷயம். பின்மண்டைக்கு உள்ள சிறுமூளைன்னு ஒண்ணு இருக்கு, சைஸ்ல மொத்த மூளையில பத்துல ஒரு பங்குதான் தேறும், ஆனா மூளையில இருக்கற சுமார் 8,600 கோடி நியூரான்ல கிட்டத்தட்ட 6,900 கோடி அங்கதான் குவிஞ்சு கிடக்கு. அதோட முக்கியமான வேலைகள்ல ஒண்ணு முன்கூட்டியே கணிக்கறது. ஏன் கணிக்கணும்னா கண்ணு பாத்து அதுக்கு ஏத்தமாதிரி கைகால் அசைவ திருத்தறதுக்கு ஒரு நொடியில அஞ்சுல ஒரு பங்கு வரைக்கும் ஆயிடும், 40 கிலோமீட்டர் வேகத்துல போனா அதுக்குள்ள வண்டி 2 மீட்டர் தாண்டிடும், அதனால "கால இவ்ளோ தூக்கினா வண்டி இப்படி நகரும்"னு மூளை முன்னாடியே ஒரு கணக்கு போட்டு வெச்சுக்குது, நடந்தது வேறயா இருந்தா அந்த வித்தியாசத்த வெச்சு கணக்க திருத்திக்குது. நின்னு போன எஸ்கலேட்டர்ல கால் வெக்கும்போது, அது ஓடலன்னு கண்ணுக்கு நல்லா தெரிஞ்சும் உடம்பு ஒரு தள்ளாட்டம் தள்ளாடும் பாருங்க, அது இந்த பழைய கணக்குதான். ஸ்கூல் வண்டி கிளட்ச் பிடிக்கற உயரம் வேற, உங்க வண்டியோடது வேற. உங்க கால் ஸ்கூல் வண்டி கணக்குல தூக்குது, வீட்டு வண்டி நின்னுடுது. நியாயமா பாத்தா நீங்க கத்துக்கிட்டு இருக்கீங்கங்கறதுக்கு அதுவே சாட்சி. ஒவ்வொரு தடவ ஆஃப் ஆகும்போதும் திருத்தறதுக்கு மூளைக்கு தகவல் கிடைக்குது, வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

அடுத்து வீட்டுக்காரர். கிளட்ச்ச எவ்ளோ விடணும்னு அவர்கிட்ட கேட்டா "அது தானா வரும்"னு சொல்லியிருப்பாரே? கடுப்பாதான் இருக்கும், ஆனா அவர் சொல்றது உண்மை. அவருக்கு அந்த அறிவு வார்த்தையா இல்ல. அமெரிக்காவுல ஹென்றி மொலைசன்னு ஒருத்தர், வலிப்புக்காக 1953ல ஆபரேஷன் பண்ணப்போ ஞாபகத்துக்கு ரொம்ப முக்கியமான பகுதிய எடுத்துட்டாங்க, அப்புறம் புதுசா எதுவும் அவருக்கு ஞாபகத்துல தங்கல. பிரெண்டா மில்னர்ங்கற ஆராய்ச்சியாளர் அவர கண்ணாடியில பாத்து நட்சத்திரம் வரைய சொன்னாங்க. நாளுக்கு நாள் கை தேறிக்கிட்டே வந்துச்சு, ஆனா இத முன்னாடி செஞ்சதே அவருக்கு ஞாபகம் இல்ல! கை பழகற வழி வேற, சொல்லத்தெரியற வழி வேறன்னு உலகத்துக்கு புரிய வெச்ச கேஸ் அது. அதனால உங்க வீட்டுக்காரர் எவ்ளோ விளக்கினாலும் உங்க காலுக்கு அது நேரா போய் சேராது.

போதாததுக்கு வண்டி ஓடும்போது பேசினா உங்க கவனத்தையும் பங்கு கேக்கும். புதுசா பழகறவங்களுக்கு கிளட்ச், கியர், கண்ணாடி, ரோடு எல்லாமே யோசிச்சு செய்யற வேலை, அதுலயே கவனம் முழுக்க செலவாயிடுது, பேச்சு கேக்க மிச்சம் ஏது. பல வருஷமா ஓட்டறவங்களுக்கு இதெல்லாம் மூளையோட ஆழத்துல பழக்கமா இறங்கிட்டதால பேசிக்கிட்டே ஓட்ட முடியுது (போன் பேசறத சொல்லல, அது அவங்களுக்கும் ஆபத்துதான், ஹேண்ட்ஸ்ஃப்ரீயா இருந்தாலும்). அதனால அவர்கிட்ட சொல்லிடுங்க: சொல்றத கிளம்பறதுக்கு முன்னாடி சொல்லுங்க, இல்ல ஓரம்கட்டினதுக்கு அப்புறம் சொல்லுங்க, நடுவுல "பிரேக்"ங்கற ஒரு வார்த்தை மட்டும் போதும். ஒவ்வொரு தப்பையும் உடனே சுட்டிக்காட்டறது அந்த நேரத்துக்கு நல்லா இருக்கறமாதிரி தெரியும், ஆனா 1990ல வின்ஸ்டீன், ஷ்மிட் ரெண்டு பேரும் செஞ்ச ஆய்வுல, ஒவ்வொரு முயற்சிக்கும் ரிசல்ட் சொல்லப்பட்டவங்கள விட பாதிக்கு மட்டும் சொல்லப்பட்டவங்கதான் அடுத்த நாள் நல்லா செஞ்சாங்க.

ஞாயித்துக்கிழமை 3 மணி நேரம்? வேணாம். பிரிட்டன்ல தபால்காரங்களுக்கு டைப்பிங் சொல்லிக்குடுத்த ஒரு ஆய்வு 1978ல வந்துச்சு, பேட்லி, லாங்மன் செஞ்சது. தினம் 1 மணி நேரம் பழகினவங்க கீபோர்ட கத்துக்க மொத்தமா சுமார் 35 மணி நேரம் ஆச்சு, தினம் 4 மணி நேரம் பழகினவங்களுக்கு கிட்டத்தட்ட 50. வேடிக்கை என்னன்னா இந்த 1 மணி நேர குரூப்புக்குத்தான் பயிற்சி மேல திருப்தி கம்மியா இருந்துச்சு, நாள் கணக்குல இழுக்குதேன்னு. உங்களுக்கும் அப்படித்தான் தோணும், கண்டுக்காதீங்க. காலையில 20 நிமிஷம், வாரத்துக்கு 4, 5 நாள் முடிஞ்சா போதும். நடுவுல வர்ற தூக்கத்துலயும் மூளை அன்னிக்கு பழகினத கெட்டிப்படுத்துது, அத விட்டுடாதீங்க.

அந்த 20 நிமிஷத்துல என்ன செய்யறதுன்னா, சமதளமான காலி கிரவுண்ட்ல (எல் போர்டு போட்டு, லைசென்ஸ் இருக்கறவர் பக்கத்துல இருக்கணும்) ஆக்சிலரேட்டர தொடவே தொடாம ஃபர்ஸ்ட் கியர்ல கிளட்ச்ச மட்டும் மெதுவா விடுங்க. இன்ஜின் சத்தம் கொஞ்சம் கம்மும், வண்டி லேசா அதிரும், அதான் ஹாஃப் கிளட்ச், அதாவது பாதி கிளட்ச். அங்க கால அப்படியே வெச்சா வண்டி ஊர்ந்து போகும். திரும்ப அமுக்குங்க, திரும்ப விடுங்க, 10 நிமிஷம் இது மட்டும்தான். கவனிக்க வேண்டியது உங்க கால் எங்க இருக்குன்னு இல்ல, வண்டி என்ன செய்யுதுன்னு. இதுவும் சும்மா சொல்லல, கேப்ரியல் வுல்ஃப்னு ஒருத்தரோட ஆய்வுகள் 1998லருந்தே இததான் காட்டுது, தன் கைகால நினைக்கறத விட அது உண்டாக்கற விளைவ நினைச்சா அசைவு சீக்கிரம் படியும். கியர் மாத்தறத இன்ஜின் ஆஃப்ல இருக்கும்போது, கிளட்ச்ச அமுக்கிக்கிட்டு, குனிஞ்சு பாக்காம பழகுங்க. ரோட்டுக்கு வந்தப்புறம் கண்ணு பானட் மேல நிக்கக்கூடாது, தூரத்துல இருக்கணும். மொத ஒரு வாரம் பத்து நாள் வீட்டு வண்டிய மட்டும் தொடுங்க, கை வந்ததும் ஸ்கூல் வண்டி, வீட்டு வண்டி ரெண்டையும் மாத்தி மாத்தி ஓட்டுங்க, தடுமாறும், ஆனா அப்படி பழகினதுதான் நிக்கும்.

"பேசாம ஆட்டோமேட்டிக் வாங்கிடலாமா"ன்னும் கேட்டிருந்தீங்க. தாராளமா வாங்கலாம், அதுல ஒரு கேவலமும் இல்ல, கிளட்ச் பெடலே இல்லாததால கவனம் மொத்தமும் ரோட்டுக்கு கிடைக்கும். ஆனா கிளட்ச்ல பழகின இடது கால் அங்க சும்மா இருக்காது, அவசரத்துல கிளட்ச்னு நினைச்சு பிரேக்க ஓங்கி மிதிச்சுடும், பின்னாடி வர்றவன் வந்து இடிப்பான். அதனால கொஞ்ச நாளைக்கு இடது கால சீட்டுக்கு கீழ பின்னுக்கு இழுத்து வெச்சுக்கிட்டு ஓட்டுங்க.