பதில்: ராங்க் ஏறியும் டோக்கன் குறையுதே?

நண்பரே, காட்ஸ் அன்செயின்ட் ஆன்லைன் கார்டு விளையாட்டில் ராங்க் ஏறிய பிறகும் தினசரி பரிசாக வரும் காட்ஸ் டோக்கன் (அதன் கிரிப்டோ நாணயம்) குறைகிறது, கணக்கில் ஏதோ கோளாறு என்றும், பல கணக்கு வைத்து ஆடுபவர்கள்மேல் கோபம் என்றும் எழுதியிருந்தீர்கள். கோளாறாக இருக்க வாய்ப்பு குறைவு. இந்தப் பரிசு, ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கிடைப்பதில்லை. அன்றைக்கென்று ஒரு தொகை ஒதுக்குவார்கள். எல்லாரும் அன்று ஆடிச் சேர்த்த ஃபிராக்டல் எனும் புள்ளிகளில் உங்களுடையது எத்தனை பங்கோ, தொகையிலும் அத்தனை பங்குதான். உதாரணத்துக்கு, மொத்தம் 1,00,000 புள்ளி சேர்ந்த நாளில் உங்கள் 100 புள்ளிக்கு 0.1 சதவீதம். மறுநாள் மொத்தம் இரட்டிப்பானால் அதே 100 புள்ளிக்குப் பாதிதான். ஒரே ஆள் பல கணக்கில் ஆடினாலும் அடிபடுவது உங்கள் பங்கு. அந்த விஷயத்தில் உங்கள் கோபம் முழுக்க நியாயம்.

அடுத்து டெக்கை, அதாவது நீங்கள் ஆடும் கார்டுக் கட்டைப் பாருங்கள். பேக்கில் இலவசமாக வந்த சாதாக் கார்டுகளைவிட மீட்டியோரைட், ஷேடோ எனும் உயர்தரக் கார்டுகளுக்குப் புள்ளிக் கணக்கில் மதிப்பு அதிகம். கோர் எனும் அடிப்படைத் தொகுப்பின் ஒரே கார்டு 2 பிரதி இருந்தால் ஃபோர்ஜில் (கார்டுகளை இணைக்கும் வசதி) இணைத்து மீட்டியோரைட் ஆக்கலாம், ஆனால் அதற்கும் டோக்கன் செலவாகும். முதலில் சந்தையில் அதே கார்டின் விலையைப் பார்த்துவிடுங்கள். அரிதல்லாத பல காமன் கார்டுகள் இணைக்கும் செலவைவிட மலிவாகக் கிடைப்பதுண்டு.

வார இறுதி ராங்க்டு போட்டிக்குப் பரிசு முறை வேறு: 25 ஆட்டம், ஜெயித்த எண்ணிக்கைக்கு ஏற்ப கார்டு பேக். புது டெக்கை அங்கே சோதித்துப் பார்க்காதீர்கள்.

பரிசில் திரும்ப எடுத்துவிடலாம் என்று இன்னும் காசு போடாதீர்கள், தயவுசெய்து. 2021 நவம்பரில் 8 டாலரைத் தாண்டிய டோக்கன், 2022லேயே 1 டாலருக்குக் கீழே இறங்கிவிட்டது. டெக் லிஸ்டைப் போடுங்கள், எந்தக் கார்டை மாற்றலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.